மருமகள் துப்ப வேண்டும்

மருமகள் வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகியும் அவள் வாயிலிருந்து ஒரு குறைகூட வரவில்லை என்பதுதான் மெக்கானிக்கின் குறை. வேறு மாமனாராக இருந்தால் உச்சி குளிர்ந்து போயிருப்பார். இவர் முப்பது வருடமாக வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். கெட்டுப்போன மெஷின் கடகடக்கும், உறுமும், கண்ட இடத்தில் தண்ணீரைக் கக்கும்; தனக்கு என்ன கோளாறு என்று அதுவே சொல்லிவிடும். சத்தமே போடாமல் சமர்த்தாக நிற்கிற மெஷினைத்தான் அவர் நம்பமாட்டார்.

மருமகள் அப்படித்தான் சமர்த்தாக இருந்தாள். மெக்கானிக்கின் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அடுப்படியில் நிற்கும்போதும் நினைப்பு கியரிலேயே இருக்கும், அதனால் சமையலில் உப்பை இரண்டு தடவை போட்டுவிடுவாள். மருமகள் அதைச் சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு அத்தை" என்பாள். மகன் குளிக்கும்போது பாடுகிற பாட்டுக்கு அடுத்த வீட்டு நாயே எழுந்து இடம் மாறிப் படுத்துக்கொள்ளும். மருமகள் அதற்கும் நல்லா இருக்கு என்றாள். மெக்கானிக்கே ஒருநாள் அவளுடைய கம்பளிச் சட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் ஓடவிட்டு, குழந்தைச் சட்டையாக்கி எடுத்துக் கொடுத்தார். திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றவரிடம், கை குட்டையாக இருந்தால் வேலை செய்ய வசதிதான் மாமா என்று சொல்லி அதைப் போட்டுக்கொண்டே ஆபீசுக்குப் போனாள்.

மகனும் மருமகளும் நகரத்தின் மறுகோடியில் சொந்தமாக வீடு வாங்கியிருந்தார்கள். பூச்சு வேலை முடிந்து சாவி கைக்கு வர இன்னும் இரண்டு மாதம். பிள்ளைகள் தனியாகப் போவதில் மெக்கானிக்குக்கு வருத்தமில்லை. விருந்தாளியாக வந்த பெண் விருந்தாளியாகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாளே என்பதுதான் அவரை அரித்தது.

ஒருநாள் காலை மருமகள் மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பக்கம் ஒரு மெஷின் பார்க்க வேண்டியிருந்ததால் மெக்கானிக் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவளுடைய கம்பெனிக்குப் போனார். காப்பிக்கொட்டையை மூட்டை மூட்டையாக வாங்கி விற்கிற கம்பெனி. அங்கே ருசி பார்ப்பது மருமகளின் வேலை. அவள் சரியென்றால் மூட்டை உள்ளே வரும், வேண்டாமென்றால் வந்த வழியே திரும்பிப் போகும். இதையெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிற உத்தியோகம், கொடுத்துவைத்த பெண் என்று நினைத்து அவர் அதோடு விட்டுவிட்டார்.

ருசி பார்க்கும் அறைக்குக் கண்ணாடிச் சுவர், கதவு பாதி திறந்திருந்தது. நீள மேசையில் ஒரே மாதிரிக் கோப்பைகள் வரிசையாக இருந்தன, எதிலும் பெயர் இல்லை. மருமகள் கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு ஒரு துணி உறையிலிருந்து தன் கரண்டியை எடுத்தாள். கோப்பையில் முக்கி வாயருகே கொண்டுபோய் சர்ரென்று உறிஞ்சினாள். பழைய ஜிப்பை ஒரே இழுப்பில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். கன்னத்துக்குள் ஒரு தடவை உருட்டினாள். பிறகு பக்கத்திலிருந்த வாளியில் குறி தப்பாமல் துப்பினாள்.

வீட்டில் தண்ணீர் குடித்தால்கூடத் தொண்டைச் சத்தம் கேட்காமல் குடிக்கிற பெண் அவள்.

துப்பியதோடு அவள் நிற்கவில்லை. எதிரே கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் இரண்டு பேர் கைகட்டி நின்றார்கள். "இது ஈரச் சாக்குல கிடந்த கொட்டை. யாரு இதை வாங்கச் சொன்னது?" என்று அவர்களைக் கேட்டாள். அடுத்ததைத் துப்பிவிட்டு, கொட்டையில் குற்றமில்லை, வறுத்தவன் தூங்கிவிட்டான் என்றாள். மூன்றாவதைத் துப்பியபின் ஒன்றுமே சொல்லாமல் கோப்பையை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினாள். பெரிய மனிதர்கள் முகத்தில் ஈ ஆடவில்லை.

மெக்கானிக் உள்ளே போகவில்லை. கண்ணாடியை வாசலில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். இறங்கும்போது அந்தக் கோட்டுக்காரர்கள் மேல் அவருக்குச் சொல்ல முடியாத பொறாமை வந்தது. அவர்களிடம் பேசுகிற குரல் நம் வீட்டில் ஒருநாளாவது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். நாம் கொடுக்கும் காப்பியை அவள் உறிஞ்ச வேண்டும், உருட்ட வேண்டும், துப்ப வேண்டும். துப்பிவிட்டு மனதில் பட்டதைப் பட்டென்று சொல்ல வேண்டும். எந்த மாமனாரும் கேட்காத வரம்தான். அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது, என்ன செய்வது.

முதலில் கடைக் காப்பியில் ஆரம்பித்தார். நல்ல கடை, மோசமான கடை, படுமோசமான கடை என்று மாற்றி மாற்றி வாங்கிவந்து கொடுத்தும் மருமகளின் தீர்ப்பு மாறவில்லை. ஒருநாள், நல்ல காப்பிக்கு எதும்மா முக்கியம் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார். "வறுக்கறதுலதான் எல்லாம் இருக்கு மாமா" என்றாள். சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டவள்போல அவசரமாகத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் சொந்த அபிப்பிராயம் அது. மெக்கானிக் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நாமே வறுத்துவிடுவது என்று அன்று மாலையே அளவு டேப்போடு பின்பக்க பால்கனியில் போய் நின்றார்.

பால்கனி மனைவியின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி. மேலே அவளுடைய துணிக்கொடிகள். சுவரில், கடை கடையாக ஏறி இறங்கி அவள் தேடிப் பிடித்த நீல டைல்ஸ். அவள் எளிதில் மசிகிறவள் இல்லை. பயிற்சி வண்டியில் தன் பக்கம் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்து அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. யாராவது ஏடாகூடமாக எதையாவது செய்யப்போனால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காலைப் பார்த்தே மெக்கானிக் பல திட்டங்களைக் கைவிட்டிருக்கிறார். இந்தத் தடவை கால் அழுத்தியும் அவர் ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் பாதி பால்கனி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. "என் சுவத்துல ஒரு ஓட்ட விழக் கூடாது. ஒரு ஆணி அடிச்சீங்க, மெஷினோட நீங்களும் வெளிய" என்றாள்.

அதனால் எல்லாமே சுவரைத் தொடாமல் தன் காலில் தானே நின்றாக வேண்டும். இரும்புச் சட்டம் அடித்து, பழைய வாஷிங் மெஷின்களின் பக்கத் தகடுகளை அதன்மேல் முடுக்கி மேசையாக்கினார். நடுவில் ஒரு சின்ன மெஷினின் டிரம்மைப் படுக்கவைத்து அடியில் கேஸ் அடுப்பைப் பொருத்தினார். டிரம்மைச் சுற்ற அதே மெஷினின் மோட்டார்; வேகத்தைக் குறைக்க ஒரு பெரிய சக்கரமும் பெல்ட்டும். புகையை இழுத்து வெளியே தள்ளப் பழைய எக்ஸாஸ்ட் ஃபேன். கொட்டையை வறுக்கும்போது மேல்தோல் வெங்காயச் சருகுபோல உரிந்து பறக்குமாம், அதைப் பிடிக்க ஒரு வாக்குவம் கிளீனரின் வயிற்றைக் கிழித்து வைத்தார். வறுத்ததை உடனே ஆறவைக்க, மல்லாக்கப் படுத்த மேசை ஃபேனின்மேல் ஒரு பெரிய சல்லடை. பச்சைக் கொட்டையை வைக்க அவருடைய ரிப்பேர் கடையிலேயே பொருள் இருந்தது: மெஷின்களை ஓட்டிப் பார்க்க வாங்கும் சலவைத்தூள் வருகிற பெரிய பிளாஸ்டிக் வாளிகள். தேய்த்துத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, கொட்டையைக் கொட்டி மூடினார். எறும்பு நுழையாது, காற்றும் நுழையாது. அந்த மூடிகளைப் பற்றி அவருக்குத் தனிப் பெருமை, பார்க்கிறவர்களிடமெல்லாம் திறந்து மூடிக் காட்டினார்.

மோட்டாரோடு வந்த கன்ட்ரோல் போர்டையும் அப்படியே வைத்துக்கொண்டார். நன்றாக ஓடுகிற போர்டைத் தூக்கியெறிய எந்த மெக்கானிக்குக்கு மனசு வரும்? திருகும் குமிழைச் சுற்றிப் பருத்தி, கம்பளி, மென்துணி என்று எழுதியிருந்தது. முதல் நாள் அவர் பயபக்தியோடு மென்துணியில் திருப்பினார். நிறம் பார்க்க வசதியாக டிரம்மின் வாயைத் திறந்தே விட்டிருந்தார். கொட்டை மெதுவாகச் சுற்றியது, மஞ்சளானது, பழுப்பானது, பிறகு ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கியது. அந்தப் படபட சத்தம் வந்ததும் மெக்கானிக் சொக்கிப்போய் நின்றார். துவைக்கும் நேரம் முடிந்தது என்று நினைத்த போர்டு, தன் கடமையிலிருந்து தவறாமல், துணியைப் பிழியப் புறப்பட்டது.

டிரம் ஒரு உறுமு உறுமி வேகமெடுக்க, சூடான கொட்டைகள் வாய் வழியாகச் சீறிப் பறந்தன. மெக்கானிக் மேசைக்கு அடியில் உட்கார்ந்து தப்பித்தார். பிறகு பல நாள் அந்த வீட்டில் எதைத் திறந்தாலும் கொட்டை வந்தது. மகனின் ஹெல்மெட்டில் வந்தது. காய்ந்த துணிகளின் பையில் வந்தது. மறுநாள் மனைவி பயிற்சி வண்டியில் பிரேக்கை மிதித்தபோது அவளுடைய ஷூவுக்குள் ஒன்று நசுங்கியது. மாலை வீட்டுக்கு வந்தவள், நாளைக்குக் காப்பி பருத்தியா கம்பளியா என்று மட்டும் கேட்டாள்.

கொட்டை பறக்காமலிருக்க அடுத்து மெஷினின் கதவையும் எடுத்து மாட்டினார், அதன் பூட்டோடு. இந்தத் தடவை பிழியும் நேரம் வருவதற்கு முன்பே உஷாராக நிறுத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் கொட்டை கச்சிதமான நிறத்தில் இருந்தது. கைப்பிடியை இழுத்தார், திறக்கவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முப்பது வருடமாக வீடு வீடாகப் போய், கதவு திறக்கவில்லையே என்று பதறுகிறவர்களிடம் அவரே சொல்லிவருகிற விஷயம்தான்: மெஷின் நின்ற பிறகும் அந்தப் பூட்டு கொஞ்ச நேரம் விடாது. அவர் இழுத்தார், குலுக்கினார், கெஞ்சினார். கண்ணெதிரே கொட்டை பழுப்பிலிருந்து கறுப்புக்குப் போனது, கறுப்பிலிருந்து கரிக்குப் போனது. சத்தம் கேட்டு வந்த மனைவி ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். "ரெண்டு நிமிஷம் பொறுங்க, தானா திறக்கும்" என்றாள்.

போர்டையும் பூட்டையும் கழற்றி எறிந்து, ஒரு சாதாரண சுவிட்சையும் டிரம்மைக் கவிழ்க்க ஒரு நெம்புகோலையும் வைத்த பிறகுதான் வேலை வழிக்கு வந்தது. கொட்டையின் தோல் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காமல் பறந்து, கீழ்வீட்டுப் பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டுகளில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் கோட்டும் கையுமாக மேலே வந்து வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி பேசினார். மெக்கானிக் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சொல்லுங்க, இன்னும் என்னென்ன குறை என்று ஆசை ஆசையாகக் கேட்டார். மருமகள் அடுத்த அறையில்தான் இருந்தாள். குறை சொல்வது எவ்வளவு எளிது என்று அவளும் கேட்டுக்கொள்ளட்டும் என்று குரலை உயர்த்தியே கேட்டார்.

ஒரு பலனும் இல்லை. வறுத்த கொட்டையை அரைத்து ஞாயிற்றுக்கிழமை தோறும் தன் கையாலேயே காப்பி போட்டு அவளிடம் நீட்டிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் தொண்டையைப் பார்ப்பார். தொண்டை ஏறி இறங்கும், அவர் மனசும் கூடவே இறங்கும். கரியாகிப்போனதைக் கொடுத்தபோது, "நல்லா இருக்கு மாமா. கொஞ்சம் தைரியமா இருக்கு" என்றாள். சரியாக வறுபடாததைக் கொடுத்தபோது, நல்லா இருக்கு, சாதுவா இருக்கு என்றாள். பொறுக்கமுடியாமல் ஒருநாள் முதல் நாள் சக்கையிலேயே மறுபடி வெந்நீரை ஊற்றிக் கொடுத்துப் பார்த்தார். அவள் ஒரு வாய் குடித்து, சற்று யோசித்து, "நல்லா இருக்கு மாமா. தண்ணி பதமா சுட்டிருக்கு" என்றாள். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கோப்பையையும் கழுவி வைத்தாள்.

மெக்கானிக் இளைத்துப் போனார். சாவி வருகிற தேதியும் நெருங்கிவிட்டது. மருமகள்தான் நல்லா இருக்கு என்று சொல்கிறாளே, இதற்குமேல் என்ன வேண்டும் என்று மனைவி கேட்டாள்.

"அவ துப்பணும்" என்றார்.

மனைவியின் வலது கால் தரையை அழுத்தியது. மனிதருக்குப் புகை தலைக்கேறிவிட்டது என்றே நினைத்தாள். அவர் அன்று கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். கரண்டி, வாளி, கோட்டுக்காரர்கள், அந்தக் குரல். போகிற பெண் வாயைத் திறக்காமலே போய்விடுவாள் என்றார். மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"நீங்க கப்பைக் கையில குடுத்துட்டு மூஞ்சியையே பாத்துட்டு நிக்கறீங்க. அப்படி நின்னா என்கிட்ட படிக்கிறவன் ஒருத்தன்கூட ரிவர்ஸ் எடுக்க மாட்டான்" என்றாள். பிறகு, "அதுவும் போக, துப்பணும்னா துப்ப இடம் எங்க இருக்கு? என் துணி மேலயா துப்புவா?"

மெக்கானிக் நெற்றியில் அடித்துக்கொண்டார். வறுக்க இடம் செய்தார், ஆறவைக்க இடம் செய்தார், புகைக்கும் தோலுக்கும்கூட வழி செய்தார். எதற்காக இத்தனையும் செய்தாரோ, அதற்கு மட்டும் இடம் செய்யவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து வேலை பார்த்தார். மேசையின் வலது கோடியில் பளபளவென்று ஒரு ஸ்டீல் தொட்டி பொருத்தினார். தொட்டிக்கு அடியில் வாஷிங் மெஷினின் பம்ப். கீழே இருக்கும் கட்டையை மிதித்தால் தண்ணீர் சுழன்று எல்லாவற்றையும் குழாய் வழியே இழுத்துக்கொண்டு போய்விடும். தான் குனியாமல் துப்பும் உயரத்துக்கு மேசையின் காலையும் உயர்த்தினார். மருமகள் அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டாள் என்பது உற்சாகத்தில் ஞாபகமில்லை.

சாவி வந்துவிட்டது, புதன்கிழமை போகிறார்கள் என்று முடிவான பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக் மேசைமேல் ஒரே மாதிரி மூன்று கோப்பைகளை வைத்தார். மூன்று தினுசாக வறுத்த தூளைப் போட்டு, எது எதுவென்று அடியில் மட்டும் குறித்துக்கொண்டு, வெந்நீர் ஊற்றினார். பக்கத்தில் ஒரு கரண்டி. பிறகு கூடத்துக்கு வந்து, காய்ந்த துணியை எடுத்து வரும்படி மருமகளிடம் சொல்லிவிட்டு, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவியும் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டார்கள்.

மருமகள் போனாள். துணியை எடுக்கிற சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. சற்று நேரம் கழித்து கை நிறையத் துணியோடு கதவருகே வந்து நின்றாள்.

"மாமா, அது என்ன தொட்டி?"

மெக்கானிக் எழுந்தார். மூன்று நாளாக மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த பேச்சு, தேவைப்பட்ட நேரத்தில் கைவிட்டுவிட்டது. "அது வந்தும்மா, துப்புறதுக்கு" என்றார்.

மனைவி விட்டத்தைப் பார்த்தாள். அவரே தட்டுத் தடுமாறித் தொடர்ந்தார்.

"நீ வேலை பாக்கறதை ஒருநாள் வந்து பாத்தேன்மா. அங்க நல்லா இல்லாததைத் துப்பிட்டு, மூஞ்சிக்கு நேரா சொல்லிடற. இங்க வந்தா எல்லாத்தையும் முழுங்கற. எங்க வீட்டுல நீ முழுங்கிட்டே இருக்கறது எனக்குக் கஷ்டமா இருக்கு."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெல்லிய குரலில், "நல்லதையும் துப்புவோம் மாமா. முழுங்கிட்டே இருந்தா நாக்கு களைச்சுப் போயிடும்" என்றாள்.

அவர் சொன்னதை அவள் திருத்தியது அதுதான் முதல் தடவை. மெக்கானிக்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் அதற்குள் அவள் துணியை நாற்காலியில் போட்டுவிட்டுக் கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டிருந்தாள்.

மூன்று பேரும் பால்கனிக்குப் போனார்கள்; மேசை மருமகளின் மோவாய் வரை வந்தது. சுற்றிலும் பார்த்து, காலியாக இருந்த ஒரு சலவைத்தூள் வாளியை இழுத்துக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றாள். கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்தக் கரண்டி சரியில்லை என்று முணுமுணுத்தாள். தூள் கட்டியிருந்த மேல் படலத்தைக் கரண்டியால் விலக்கி, மூக்கைக் கோப்பைக்குள்ளேயே விட்டு முகர்ந்தாள். மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பேசாதீங்க மாமா" என்றாள். அதுதான், அந்தக் குரலேதான். மாமா என்ற வார்த்தை மட்டும் கூட ஒட்டிக்கொண்டிருந்தது.

சர்ரென்று உறிஞ்சினாள். அந்தச் சத்தத்துக்கு மனைவியின் வலது கால் தரையை அழுத்தியது. மருமகள் கன்னத்தில் உருட்டி, தொட்டியின் நட்டநடுவில் துப்பினாள்.

"கருகல்" என்றாள்.

இரண்டாவதைத் துப்பிவிட்டு, உள்ளே வறுபடவே இல்லை என்றாள். மூன்றாவதை உறிஞ்சித் துப்பினாள். மறுபடியும் உறிஞ்சினாள், மறுபடியும் துப்பினாள். "இது வறுவல் சரியா இருக்கு. நான் எடுத்திருந்தாலும் இந்த இடத்துலதான் எடுத்திருப்பேன்" என்றாள். மெக்கானிக்குக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் கண்ணைத் துடைப்பதற்குள் அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஆனா மூணுலயும் சோப்பு" என்றாள்.

சோப்பா என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். மருமகள் வாளியிலிருந்து இறங்கினாள். பச்சைக் கொட்டை இருந்த வாளியின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். வெளியே வந்து, தான் ஏறி நின்ற வாளியைக் காட்டி, காப்பிக்கொட்டை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும் என்று விளக்கினாள். இது மல்லிகைப்பூ வாசனைச் சலவைத்தூள். முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே இருக்கிறது.

மெக்கானிக் வாளிக்குள் மூக்கை விட்டுப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. மனைவி விட்டுப் பார்த்தாள், அவளுக்கும் தெரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பி இழுத்துவந்து அவன் தலையையும் உள்ளே அழுத்தினார்கள். கொட்டை வாசனைதான் வருது, நான் போய்த் தூங்கவா என்றான். முப்பது வருடமாகச் சலவைத்தூளிலேயே ஊறிய குடும்பம். அந்த வீட்டில் வேலை செய்கிற மூக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் வெளியிலிருந்து வந்தது.

"அப்போ இத்தனை நாளா நீ சோப்பைக் குடிச்சிட்டிருந்தியா? ஏம்மா சொல்லல?" என்று மெக்கானிக் கேட்டார்.

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வீடு முழுக்க அந்த வாசனைதான் மாமா. உங்க சட்டை, அத்தை துண்டு, எங்க தலகாணி எல்லாமே. அதைக் குறை சொன்னா உங்களையே குறை சொன்ன மாதிரி இருக்குமேன்னு விட்டுட்டேன்."

மெக்கானிக்குக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெட்கமாகவும் இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு மாதம் தலையால் தண்ணீர் குடித்துக் கட்டிய மெஷினில் இருந்த கோளாறை இந்தப் பெண் ஒரே உறிஞ்சலில் பிடித்துவிட்டாளே என்று ஒரு மெக்கானிக்கின் மரியாதையும் அதில் கலந்திருந்தது. மருமகள் அதற்குள் உத்தரவு போட ஆரம்பித்திருந்தாள். இந்தக் கொட்டை அத்தனையும் குப்பைக்குப் போக வேண்டும். புதிதாக வாங்கிக் கண்ணாடி ஜாடியில் வைக்க வேண்டும். மேசையின் காலை அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் நிற்க ஒரு பலகை போட வேண்டும். "அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன்" என்றாள்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மருமகள் ஒரு வாய் எடுத்து வைத்தாள், மென்றாள், நிறுத்தினாள். ஒரு கணம் மாமனாரைப் பார்த்தாள். பிறகு திரும்பி, "அத்தை, உப்பு ஜாஸ்தி" என்றாள்.

மேசைக்கு அடியில் கால் அழுத்திய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. மனைவி தானும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள், மாமியார் முகத்தை வைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றாள், முடியவில்லை. ஆரம்பித்து வைத்தது நீங்கள்தான் என்று புருஷனைப் பார்த்துச் சொல்லிவிட்டு மருமகளின் தட்டில் தயிரை ஊற்றினாள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அப்போதுதான் மகனுக்குப் புரிந்தது. அப்போ நான் பாடறது என்று இழுத்தான். அதை மட்டும் கேக்காதீங்க என்றாள் மருமகள்.

புதன்கிழமை சாமான் வண்டி வந்தது. பெட்டிகளை ஏற்றி முடித்தபின் மருமகள் திரும்ப மாடியேறி வந்து கைப்பையிலிருந்து அந்தத் துணி உறையை எடுத்தாள். "இது இங்கேயே இருக்கட்டும் மாமா. ஆபீசுக்கு வேற வாங்கிக்கறேன். உங்க கரண்டில ருசி பாக்க முடியாது" என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் இறங்கிப் போய்விட்டாள்.

வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகும் மெக்கானிக் பால்கனியிலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் கரண்டி. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தட்டுமுட்டுச் சாமானோடு டிராயரில் போட மனம் வரவில்லை, மேசைமேல் வைத்தால் கொட்டைத் தோல் விழும். கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு கொக்கியில் தொங்கினால் நன்றாக இருக்கும். நீலச் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

பின்னால் மனைவி வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஒரு கையில் ஒரு கொக்கி, இன்னொரு கையில் அவருடைய டிரில் மெஷின். இரண்டையும் நீட்டினாள்.

மெக்கானிக் சந்தேகத்தோடு அவள் வலது காலைப் பார்த்தார். அது அசையாமல் இருந்தது. அவர் டிரில்லை வாங்கி, தன் கண்ணுக்கு நேராக ஒரு டைல்ஸில் முனையை வைத்தார்.

"அங்க இல்ல" என்றாள் மனைவி. "இன்னும் கொஞ்சம் கீழ. அவளுக்கு எட்டணும்."